ரெண்டு கார்டு வேணுமாம்... வாங்கித் தரலாமா?

பரீட்சை முடிந்த கையோடு உங்கள் வீட்டிலும் அந்த விண்ணப்பம் வந்திருக்கும். முன்பெல்லாம் சைக்கிள் கேட்டார்கள். அப்புறம் செல்போன் கேட்டார்கள். இப்போது கேமிங் கம்ப்யூட்டர்! அதுவும் கடையில் தயாராக விற்பது வேண்டாமாம். பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிக்கொள்கிறேன் என்கிறான் பையன். (பெண்ணும்தான். இந்த விஷயத்தில் பேதமே கிடையாது.) சரி என்று பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஒரு வரி உங்களை நிறுத்தும்: 'கிராஃபிக்ஸ் கார்டு - 2'.

ஒன்று எதற்கு, இரண்டு எதற்கு என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் கூச்சம். 'படிப்புக்கும் உதவும்ப்பா' என்ற ஒரு வாக்கியத்தில் பாதி அப்பாக்கள் விழுந்துவிடுகிறார்கள். மீதிப் பேர், 'அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், போய்ப் படி' என்று கத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை என்பது என் கட்சி. கம்ப்யூட்டர் இருக்கட்டும். கார்டு ஒன்று போதும். இரண்டாவது கார்டு காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.

'ஆரோக்கியம் பேசுகிற பத்திரிகையில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?' என்று கேட்காதீர்கள். கதவைச் சாத்திய ஒரு சின்ன அறைக்குள், அரை கிலோவாட்டுக்கு மேல் சூட்டைக் கக்கிக்கொண்டு, இரவு முழுக்க இரைந்துகொண்டு ஓடுகிற ஒரு பெட்டி. அதன் பக்கத்தில் உங்கள் பிள்ளை. இது டாக்டர் சமாசாரம் இல்லாமல் வேறென்ன?

முதலில் இந்தக் கார்டு என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். விளையாட்டில் ஓடுகிற கார், விழுகிற மழை எல்லாமே தனித்தனிப் படங்கள்தான். ஒரு விநாடிக்கு 60 படம் வரைந்தால்தான் கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போகும். அதாவது ஒரு படத்துக்கு 17 மில்லிசெகண்ட்கூடக் கிடையாது. அந்த ஓவியர்தான் கிராஃபிக்ஸ் கார்டு.

ஓவியர் ஒருவர் திணறினால் இரண்டு பேரைப் போடலாமே என்ற யோசனை நேற்று வந்ததல்ல. 1998-ல் 3டிஎஃப்எக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 'வூடூ 2' கார்டுகளை இரண்டிரண்டாகக் கோத்தது. திரையின் ஒற்றைப்படை வரிகள் ஒரு கார்டுக்கு, இரட்டைப்படை வரிகள் இன்னொன்றுக்கு. எஸ்.எல்.ஐ. என்று அதற்குப் பெயர். கம்பெனி நொடித்துப்போய் அதன் சரக்குகள் என்விடியா கைக்கு வந்தன. 2004-ல் என்விடியா அதே மூன்றெழுத்துக்கு வேறு விரிவு கொடுத்து மறுபடி கொண்டுவந்தது. 2005-ல் போட்டியாளர் ஏ.டி.ஐ.யின் 'கிராஸ்ஃபயர்' வந்தது. அடுத்த பத்து, பன்னிரண்டு வருஷம் இரட்டைக் கார்டுக்கு ராஜயோகம்தான்.

என்விடியா காலத்தில் வேலையைப் பிரித்த விதம் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். முத்துக்குளித்த நாட்களில் ஒரு கல்லுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். அவர் வந்ததும் இவர் இறங்குவார். அதே போலத்தான், முதல் படம் ஒரு கார்டு, அடுத்த படம் இன்னொரு கார்டு, மாற்றி மாற்றி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் ஒரே சீராக ஏறி இறங்க வேண்டுமே! ஒரு படம் சீக்கிரம், அடுத்த படம் தாமதம் என்று வந்தால் கணக்கில் விநாடிக்கு 80 படம் காட்டும். கண்ணுக்கோ விக்கல் எடுத்த மாதிரி இருக்கும். அது போக, இன்றைய விளையாட்டுகள் முந்தைய படத்தைப் பார்த்துத்தான் அடுத்த படத்தை மெருகேற்றுகின்றன. முந்தைய படம் பக்கத்துக் கார்டில் இருந்தால் அதை வாங்கிவர நேரம் போகிறது. ஞாபகசக்தியும் கூடாது. 11 ஜி.பி. கார்டு இரண்டு போட்டால் 22 ஆகாது. இரண்டு கார்டும் ஒரே சரக்கைத் தனித்தனியாகச் சுமக்க வேண்டும் என்பதால் விளையாட்டுக்கு 11 ஜி.பி.தான்.

ஆக, விளையாட்டுத் தயாரிப்பாளர்கள் மெல்ல மெல்லக் கைகழுவினார்கள். என்விடியாவும், பழைய கார்டுகளுக்கு 2021 ஜனவரியிலிருந்து புது விளையாட்டுகளுக்கான எஸ்.எல்.ஐ. ஏற்பாடு செய்து தரமாட்டோம் என்று அறிவித்துவிட்டது. 2020-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டில் இணைப்புப் பாலத்துக்கு இடம் இருந்தது. 2022-ல் வந்த 4090-ல் அந்த இடமே இல்லை. கதை முடிந்தது.

முடிந்த கதைக்கு இப்போது ஏன் கிராக்கி என்கிறீர்களா? விலைதான். 2022 செப்டம்பரில் ஈதீரியம் என்ற டிஜிட்டல் காசைக் கார்டு போட்டுத் தோண்டுவது நின்றுபோனது. ராத்திரி பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்தன. 'புதுசு ஒண்ணு வாங்குற காசுல பழசு ரெண்டு வாங்கிடலாம்' என்ற கணக்கு அங்கேதான் பிறந்தது.

பெரியதாழையில் என் அக்கா வீட்டுக்கும் இந்தக் கணக்கு வந்து சேர்ந்தது. தேரிக்காட்டுச் செம்மணல் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம் என்று கிடக்கிற ஊர். அத்தானுக்குச் சொந்தமாக ஃபைபர் படகு, அக்கா டீச்சர். மருமகன் காலேஜ் முதல் வருஷம். 2017-ல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ. கார்டு இரண்டைப் பழையதாக வாங்கி, தானே கம்ப்யூட்டரைப் பூட்டியும் விட்டான். கெட்டிக்காரன்தான், சந்தேகமில்லை.

"ரெண்டு கார்டு போட்டா ரெட்டை ஸ்பீடுன்னு சொல்லுதாவ மாமா" என்றான்.

"சொல்லுதாவ, சரி. நீ அளந்து பாத்தியா மருமகனே?" என்றேன்.

அளக்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பூட்டுவது பாதி வேலை, சோதிப்பது மீதி. அன்று நாங்கள் செய்ததை நீங்களும் செய்யலாம். முதலில் ஒரு கார்டை மட்டும் மாட்டி, ஒரே விளையாட்டின் ஒரே இடத்தைப் பத்து நிமிஷம் ஓட்டினோம். 'ஆஃப்டர்பர்னர்' என்ற இலவச மென்பொருள் விநாடிக்கு எத்தனை படம், கார்டின் சூடு எவ்வளவு என்று மூலையில் காட்டிக்கொண்டே இருக்கும். பிளக்கில் செருகும் ஒரு வாட் மீட்டர், சுவரிலிருந்து எவ்வளவு மின்சாரம் போகிறது என்று சொல்லும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினோம். அப்புறம் அந்தக் கார்டைக் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டி அதே சோதனை. பழைய கார்டு வாங்குகிறவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது. நோயாளி எந்தக் கார்டு என்று தனித்தனியாகப் பார்த்தால்தான் தெரியும். கடைசியில் இரண்டையும் சேர்த்து.

பழைய விளையாட்டு ஒன்றில் வேகம் நன்றாகவே ஏறியது, இரட்டிப்பு அல்ல. அவன் ஆசைப்பட்ட புது விளையாட்டில்? ஒரு படம்கூடக் கூடவில்லை! இரண்டாவது கார்டு சும்மா சூடாக உட்கார்ந்திருந்தது. அதன் விசிறிச் சத்தம் மட்டும் இலவசம்.

மருமகன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் நான் நூறு தடவை சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டான். நோட்டில் அவன் கையாலேயே எழுதிய எண் சொன்னதும் கேட்டுக்கொண்டான்.

மின்சாரக் கணக்குக்கு வருவோம். 1080 டி.ஐ. கார்டு ஒன்றுக்கே முழு மூச்சில் 250 வாட்ஸ். இரண்டும் சேர்ந்து உழைத்தால் மற்ற பாகங்களோடு 700 வாட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 4 மணி நேரம், 60 நாள் ஓட்டினால் 168 யூனிட். ஒரே கார்டு, மொத்தம் 400 வாட்ஸ் என்றால் 96 யூனிட். வித்தியாசம் உங்கள் மின் கட்டண அட்டையில் தெரியும்.

அந்த 700 வாட்ஸ் எங்கே போகிறது? கடைசியில் அத்தனையும் சூடாக அறைக்குள்தான் இறங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பு ஏறக்குறைய 100 வாட்ஸ் சூட்டை வெளியிடுகிறது. ஆக, உங்கள் பையனின் சின்ன அறைக்குள் ஏழு பேர் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்! கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் அதிகம். வேர்வை எளிதில் உலராது. உடம்பு குளிராது. நள்ளிரவில் தலைவலி, களைப்பு, எரிச்சல் என்றால் 'கண்ணு கெட்டுப்போச்சு' என்று மட்டும் நினைக்காதீர்கள். தண்ணீர் போதாமையும் புழுக்கமும் காரணமாக இருக்கலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். மேஜையில் ஒரு செம்பு தண்ணீர் இருக்கட்டும். (குளிர்பானம் இல்லை, தண்ணீர்.)

இரண்டு கார்டுகளில் மேலே இருப்பது எப்போதும் கூடுதலாகக் கொதிக்கும். கீழே உள்ளது கக்குகிற வெக்கையை இது உறிஞ்சுகிறது. இரண்டு விசிறிகளும் முழு வேகத்தில் இரையும். இரைச்சல் கேட்கக்கூடாதென்று பிள்ளை ஹெட்ஃபோன் சத்தத்தைக் கூட்டுவான். இங்கேதான் காதுக்கு வம்பு. பெரியவர்கள் வாரம் 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது, குழந்தைகளுக்கு 75 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெட்டி அமைதியாக இருந்தால் ஹெட்ஃபோனும் தானாகத் தணியும்.

உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டென்றால் அது எர்த்.

கம்ப்யூட்டர் பெட்டியின் தகரத்தைத் தொட்டால் விரலில் 'சுர்ர்'ரென்று இருக்கிறதா? 'எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்டுகிற சின்னச் சின்ன கெபாசிட்டர்கள், கசிவை எர்த் கம்பி வழியாக மண்ணுக்கு அனுப்புகின்றன. எர்த் இல்லாத வீட்டில் அது போக வழியில்லாமல் தகரத்திலேயே நிற்கும். 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி! கரண்ட் மிகக் குறைவாக இருப்பதால் சுரீரென்பதோடு விடுகிறது. ஆனால் அந்த 'சுர்ர்' சொல்லும் சேதி என்ன? நாளைக்கு உள்ளே ஒரு வயர் உரிந்து தகரத்தில் பட்டால், போக வழி உங்கள் பிள்ளையின் உடம்புதான். ஈரக் காலோடு, செருப்பில்லாமல், சிமென்ட் தரையில் நின்றால் கேட்கவே வேண்டாம்.

அக்கா வீட்டில் அந்தச் சுர்ர் இருந்தது. மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கிறது. எர்த் ஓட்டைக்குப் பின்னால் கம்பி போகிறது. ஆனால் வெளியே எர்த் குழாய் துருப்பிடித்து ஒடிந்து கிடக்கிறது. உப்பு மண்ணில் இரும்புக் குழாய் அதிக நாள் தாங்காது. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதுக்குழி போட்டோம். மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டினோம். கசிவு என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும் சாதனம் அது. இப்போது ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும்கூட அதுதான் காவல்.

இன்னொரு வழக்கமும் பார்க்கிறேன். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கம்ப்யூட்டர், மானிட்டர், ஸ்பீக்கர், மொபைல் சார்ஜர், போதாததற்கு அயர்ன் பாக்ஸ்! கேமிங் கம்ப்யூட்டருக்குச் சுவரில் தனியாக ஒரு 15 ஆம்ப்ஸ் பாயின்ட் கொடுங்கள். முதல் நாள் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டியபின், ஸ்விட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கதகதப்பு என்றால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் பாயின்டை மாற்றுங்கள். வீட்டு இன்வெர்டரை நம்பி இதை ஓட்டவும் வேண்டாம். சாதாரணமாக வீடுகளில் இருக்கும் சின்ன இன்வெர்டர் 700 வாட்ஸுக்கு மூச்சுத் திணறும்.

பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்கிறவர்களையும் பார்க்கிறேன். கார்டுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுப்பார்கள். அதற்குச் சோறு போடுகிற பவர் சப்ளையைப் பேர் தெரியாத பிராண்டில் வாங்குவார்கள்! சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனாலும் சரி, தூத்துக்குடியிலேயே வாங்கினாலும் சரி, பட்டியலில் முதலில் இதைக் கவனியுங்கள்.

இரண்டு கார்டுக்கு நியாயமே கிடையாதா? உண்டு. 'பிளெண்டர்' போன்ற மென்பொருளில் அனிமேஷன் செய்கிறவர்களுக்கு இரண்டு கார்டு உண்மையிலேயே வேலையைப் பாதியாக்கும். ஒவ்வொரு படமும் தனித்தனியாக வெந்தால் போதும், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். செயற்கை அறிவு மாடல்களை வீட்டில் ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கும் பலன் உண்டு. சமீபத்தில் இன்னொரு வித்தையும் பேசுகிறார்கள்: ஒரு கார்டு வரையும், இன்னொரு கார்டு இரண்டு படங்களுக்கு நடுவே கற்பனையாக ஒரு படத்தைச் செருகும். வழவழவென்று தெரியும், மறுக்கவில்லை. ஆனால் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவே தாமதம் கூடும். இதற்கெல்லாம்தான் வேண்டும் என்று பிள்ளை தெளிவாக விளக்கினால் காது கொடுத்துக் கேளுங்கள். 'ஃப்ரெண்டு வெச்சிருக்கான்' என்றால் வேண்டாம். 1080 டி.ஐ. வயதுக் கார்டுகளுக்கு என்விடியா புது விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதையும் 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பழசு வாங்கும்போது இதையும் யோசியுங்கள்.

மிச்சமாகும் பணம்? முதுகைத் தாங்குகிற நல்ல நாற்காலி. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் நிற்கிற மாதிரி ஒரு மேஜை. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் டாக்டர்கள். பெரியதாழையில் ஜன்னலைத் திறந்தால் அடிவானம் வரைக்கும் கடல். இதைவிட என்ன வேண்டும்! திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்துவிடுகிறது. கண் உறுத்தலுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

தூக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. அக்கா அன்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "தம்பி, அத்தான் கடலுக்குக் கெளம்புத நேரத்துலதான் இவன் படுக்கப் போறான். நீ சொன்னாதான் கேப்பான்." 13-லிருந்து 18 வயது வரை தினம் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. கம்ப்யூட்டரை அறைக்குள் வைக்காமல் ஹாலில் வையுங்கள் என்பதுதான் இதற்கு நான் கண்ட ஒரே வைத்தியம். பூட்டு, பாஸ்வேர்டு எல்லாம் அப்புறம்.

விளையாடுகிற பிள்ளைகள் எல்லாம் நோயாளி கிடையாது. அதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'கேமிங் கோளாறு' இருக்கிறது. நிறுத்த நினைத்தாலும் முடியாமை, சாப்பாடு, படிப்பு, நட்பு எல்லாவற்றையும்விட விளையாட்டே பெரிதாவது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது... இவை பொதுவாக ஒரு வருஷமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். பெங்களூர் நிம்ஹான்ஸில் 2014-லேயே இதற்கென்று தனி கிளினிக் தொடங்கினார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குப் போன் செய்து பேசலாம்.

கடைசியாக, கடலோர வீடுகளுக்கு மட்டும். அடுக்களை உப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர் விடுகிறதல்லவா? காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகக் கரையும். காற்றோடு வரும் அதே உப்புதான் கம்ப்யூட்டருக்குள்ளும் போய்ப் படிகிறது. அதோடு தூசியும் சேர்ந்தால் செம்புத் தடங்களில் பச்சைப் பாசி கட்டும். பெட்டியைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். தரையிலும் வைக்காதீர்கள். முன்பக்க ஃபில்டர் வலையை மாதம் ஒரு முறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். ஆடிக் காற்றில் தேரி மணல் கிளம்பும் நாட்களில் வாரம் ஒரு முறை. உள்ளே சுத்தம் செய்ய வாக்வம் க்ளீனர் வேண்டாம். கையால் அமுக்கும் ரப்பர் ப்ளோயரும் பெயின்ட் பிரஷும் போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வாசல் திண்ணையில் வைத்து.